அடகுக்கடை எடை போடாத கல்

நம்ம பேட்ச்ல பாதிப் பேர் கையில இந்த வருஷம் ஆஃபர் லெட்டர் இருக்கும். இன்னும் மூணு நாலு வருஷத்துல அதே வாட்ஸ்அப் குரூப்ல நிச்சயதார்த்தப் போட்டோக்கள் வர ஆரம்பிக்கும். உங்களுக்கு இல்லன்னாலும் உங்க அக்காவுக்கோ அண்ணனுக்கோ வரும். அதனால "இது நமக்கில்ல"ன்னு தாண்டிப் போயிடாதீங்க. மோதிரத்துல என்ன கல் வைக்கிறதுங்கற கேள்வி, நம்ம ஊர் வீடுகள்ல எவ்வளவு கடன் வாங்கறதுங்கற கேள்வியா மாறிக்கிட்டிருக்கு.

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்கள்ல நிச்சயம்னா எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். தட்டு வரிசை, வெற்றிலை பாக்கு, பூ, பழம், புடவை, பெரியவங்க முன்னாடி பத்திரிகை வாசிக்கிறது. மோதிரம் மாத்துறது பிறகு வந்து சேர்ந்த பழக்கம். வந்தப்போ அது சாதாரணத் தங்க மோதிரம். பேரோட முதல் எழுத்தைப் பொறிச்சா அதுவே பெரிய விஷயம். இப்போ அந்த எழுத்து இருந்த இடத்துல ஒரு வெள்ளைக் கல் உட்கார்ந்திருக்கு. போட்டோகிராபரும் அந்தக் கல்லைத்தான் க்ளோஸ்-அப் எடுக்கறார். பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளைக்குப் போடற மோதிரத்துலயும் "சின்னதா ஒரு வைரம் வச்சிடுங்களேன்"னு ஒரு வரி சேர்ந்துடுது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கல்லுக்காகக் கடன் வாங்காதீங்க. வைரத்துக்கு நல்ல மாற்றுகள் இருக்கு, தாராளமா எடுங்க. ஆனா எந்தக் கல்லை எடுத்தாலும், அதோட பேரை ரெண்டு வீட்டுக்கும் சொல்லிட்டு மாட்டுங்க.

யாரோட வழக்கம் இது?

வைரம் நமக்கு அந்நியமான கல் கிடையாது. 1720-கள்ல பிரேசில்ல வைரம் கிடைக்கற வரைக்கும் உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியாதான். கோகினூர் கோல்கொண்டா பக்கத்துல கிடைச்ச கல். தமிழ்நாட்டுல வசதியான வீடுகள்ல வைரத்தோடும் வைர மூக்குத்தியும் தலைமுறை தலைமுறையா உண்டு. ஆனா நிச்சயத்துக்கு வைர மோதிரம்னு எங்க ஆயா காலத்துல யாரும் கேட்டதில்ல.

அந்த ஆசையை உருவாக்கினது விளம்பரம். வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும்ங்கற புகழ்பெற்ற விளம்பர வரியை 1947-ல் டி பியர்ஸ் கம்பெனிக்காக எழுதினவங்க ஃபிரான்சஸ் கெரெட்டி. அவங்க கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கல. 1980-கள்ல அதே கம்பெனி, மோதிரத்துக்கு ரெண்டு மாசச் சம்பளம் செலவழிக்கணும்னு அமெரிக்காவுல விளம்பரம் போட்டது. ஜப்பான்ல 1967-ல் கல்யாணம் ஆன பெண்கள்ல நூத்துக்கு அஞ்சு பேருக்கும் குறைவாத்தான் வைர நிச்சய மோதிரம் கிடைச்சது. 1981-ல் அது சுமார் 60. பதினாலே வருஷத்துல ஒரு நாட்டுக்கு புது "மரபு" வந்துடுச்சு. நமக்கு ரீல்ஸ் இருக்கறதால இன்னும் வேகமா வருது.

எது நல்ல வைரம்ங்கறதே ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டுப் பெரியவங்க "புளூ ஜாகர்" வைரம்னு பெருமையா சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அந்தப் பேர் தென்னாப்பிரிக்காவுல இருக்கற யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்துல இருந்து வந்தது. அந்தக் கல்லோட நீலச் சாயலுக்குக் காரணம் புற ஊதாக் கதிர் பட்டா ஒளிரற குணம். நம்ம வீடுகள்ல அந்த நீலத்துக்கு மதிப்பு அதிகம். இன்னிக்கு உலகச் சந்தையில அதே குணம் அதிகமா இருந்தா பெரும்பாலும் விலையைக் குறைச்சுடுவாங்க. கல் மாறல, பார்க்கற கண்ணுதான் மாறுது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"வைரம் வாங்கினா அது ஒரு சொத்து"ன்னு மாமாக்கள் சொல்வாங்க. நாம இன்ஜினியரிங் படிக்கறவங்க, கணக்குப் போடலாம்.

மோதிரத்தோட மொத்த எடை 4 கிராம்னு வைங்க. 18 கேரட் தங்கம், நடுவுல 1 கேரட் கல். இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன்: தங்கத்துல கேரட்னா தூய்மை, கல்லுல கேரட்னா எடை. 1 கேரட் கல் 0.2 கிராம். அதைக் கழிச்சா தங்கம் 3.8 கிராம். 18 கேரட்ல 75 சதவீதம்தான் தங்கம், அதனால சுத்தத் தங்கம் 2.85 கிராம். 22 கேரட் தங்கமா மாத்திச் சொன்னா சுமார் 3.1 கிராம். 22 கேரட் விலை 2025-ல் கிராமுக்கு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிடுச்சு. கணக்கு சுலபமா இருக்க பத்தாயிரம்னே வச்சுக்குவோம். மதிப்பு சுமார் 31,000 ரூபாய். முக்கால் பங்கு கடன் கிடைச்சா சுமார் 23,000.

இந்தக் கணக்குல கல் எங்கே இருக்கு? எடையில கழிக்கிறதுக்கு மட்டும்தான் வந்தது. நகைக்கடன்ல தங்கம், வெள்ளியோட மதிப்பை மட்டும்தான் பார்க்கணும், பதிச்ச கல்லோட விலையைச் சேர்க்கக் கூடாதுங்கறது ரிசர்வ் வங்கி விதி. நடுவுல இருக்கறது சுரங்க வைரமா இருந்தாலும் சரி, நூறு ரூபாய்க் கல்லா இருந்தாலும் சரி, கைக்கு வர்றது அதே 23,000தான்.

நகரத்துப் பசங்களுக்கு இது பெரிய விஷயமா படாம இருக்கலாம். நம்ம பக்கத்துல அப்படியில்ல. எங்க அம்மாவோட செயின் என் செமஸ்டர் ஃபீஸுக்காக மூணு தடவை வங்கிக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு. நாத்து நடவுக்கு, மோட்டார் ரிப்பேருக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு எல்லாம் எங்க வீட்டுல முதல்ல கை போறது நகைப் பெட்டிக்குத்தான். உங்க வீட்லயும் இப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன். அவசரத்துக்கு உதவறது தங்கம். கல் அழகுக்கு. அழகுக்குச் செலவு பண்றது தப்பே இல்ல, ஆனா அதை முதலீடுன்னு நம்பிக் கடன் வாங்கினா வட்டி கட்டப்போறது நாமதான்.

வித்தாவது பணம் வருமான்னு கேக்கறீங்களா? வைரத்துக்குத் தங்கம் மாதிரி தினசரி ரேட் போர்டு கிடையாது. வாங்கின கடையில அவங்க சொல்ற விதிப்படி எடுத்துப்பாங்க, வேற கடைக்குப் போனா வாங்கின விலைக்குப் பக்கத்துலகூட வராது.

மாற்றுகள் என்னென்ன?

முதல்ல ஆய்வக வைரம். இது போலி வைரம்னு நினைக்கறவங்க இன்னும் நிறைய. உண்மையில அதுவும் அதே கார்பன், அதே படிக அமைப்பு, கடினத்தன்மை அளவுகோல்ல அதே 10. ஒரு முறையில சுமார் 1,400 டிகிரி வெப்பத்துலயும் வளிமண்டலத்தைப் போல 50,000 மடங்குக்கு மேல அழுத்தத்துலயும் வளர்க்கறாங்க. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1954-ல் செஞ்சு காட்டினது இதைத்தான். இன்னொரு முறையில மீத்தேனையும் ஹைட்ரஜனையும் பிளாஸ்மாவா மாத்தி, ஒரு மெல்லிய விதைத் தகடு மேல கார்பனைப் படிய வைக்கறாங்க. சில வாரத்துல கல் தயார். லென்ஸ் வச்சுப் பார்த்து எந்த நகைக்கடைக்காரராலயும் இதைப் பிரிச்சுச் சொல்ல முடியாது, அதுக்கு ஆய்வகக் கருவி வேணும்.

இதுல நம்ம பக்கத்துக்கும் பங்கு இருக்கு. 2023 பட்ஜெட்டுக்குப் பிறகு ஆய்வக வைர ஆராய்ச்சி மையத்துக்காக சென்னை ஐ.ஐ.டி.க்கு அஞ்சு வருஷத்துக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க. அதே வருஷம் ஜூன்ல பிரதமர் மோடி அமெரிக்க அதிபரோட மனைவி ஜில் பைடனுக்குக் கொடுத்தது 7.5 கேரட் ஆய்வக வைரம். வெள்ளை மாளிகைக்குப் போன கல்லை நம்ம சம்பந்தி வீட்டுல மரியாதைக் குறைச்சல்னு சொல்ல முடியுமா?

ஆனா ஒரு எச்சரிக்கை. ஆய்வக வைரத்தோட விலை இறங்கிக்கிட்டே இருக்கு. டி பியர்ஸே 2018-ல் லைட்பாக்ஸ்னு ஒரு பிராண்டு தொடங்கி கேரட் 800 டாலருக்கு வித்தாங்க. 2024-ல் 500 டாலரா குறைச்சாங்க. 2025-ல் அந்த பிராண்டையே மூடறோம்னு அறிவிச்சுட்டாங்க. அதனால இதையும் சொத்துன்னு வாங்காதீங்க. "சுற்றுச்சூழலுக்கு நல்லது"ன்னு சொன்னாலும் உடனே தலையாட்டாதீங்க. சுரங்கம் தோண்ட வேண்டாம்ங்கறது நிஜம். ஆனா அந்த மெஷின் நிறைய கரண்டு குடிக்கும், அந்த கரண்டு நிலக்கரியில வந்ததா சூரிய ஒளியில வந்ததாங்கறதைப் பொறுத்துத்தான் எவ்வளவு நல்லதுன்னு சொல்ல முடியும்.

ரெண்டாவது மாய்சனைட். இது சிலிக்கான் கார்பைடு. எலெக்ட்ரிக் கார் இன்வெர்ட்டர்ல வர்ற அதே பொருள்; பவர் எலெக்ட்ரானிக்ஸ் பாடத்துல கேட்டிருப்பீங்க. புதுச்சேரியை ஆண்ட அதே பிரான்ஸ் நாட்டு வேதியியல் அறிஞர் ஆன்றி மொய்சான், 1893-ல் அரிசோனாவுல விழுந்த விண்கல்லுல இதைப் பார்த்தார். முதல்ல அவரே வைரம்னுதான் நினைச்சார். கடினத்தன்மை 9.25. ஒளிவிலகல் எண் 2.65, வைரத்துக்கு 2.42. வெயில்ல வைரத்தைவிட அதிகமா வானவில் நிறம் தெறிக்கும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு "ஓவரா மின்னுது"ன்னு தோணும். வாங்கறதுக்கு முன்னாடி கடை விளக்குல மட்டும் பார்க்காம வாசல்ல வந்து பாருங்க. விலையிலயும் உறுதியிலயும் நம்ம பட்ஜெட்டுக்கு இதுதான் ஒத்துவரும்ங்கறது என் எண்ணம்.

மூணாவது நம்ம "அமெரிக்கன் டைமண்ட்". அது அமெரிக்காவும் இல்ல, டைமண்டும் இல்ல. க்யூபிக் சிர்கோனியாங்கற இந்தக் கல்லைப் பெருசா வளர்க்கற முறையை 1970-கள்ல வெற்றிகரமா செஞ்சு காட்டினது மாஸ்கோவுல இருந்த சோவியத் விஞ்ஞானிகள். கடினத்தன்மை 8-ல இருந்து 8.5. தோடுக்கும் விசேஷத்துக்கும் அருமையான கல். தினமும் போடற மோதிரத்துல வச்சா சில வருஷத்துல விளிம்பு தேஞ்சு மங்கிப்போகும். அப்போ புதுக்கல் மாத்திக்கலாம், செலவு கொஞ்சம்தான்.

நாலாவது கலர் கல். மாணிக்கமும் நீலமும் கடினத்தன்மை 9, தினமும் போடலாம். இதுலயும் ஆய்வகத்துல வளர்த்த கற்கள் உண்டு. ஆனா நீலம் சனிக்கு உரிய கல்னு நம்பற வீடுகள்ல ஜாதகம் பார்க்காம போட மாட்டாங்க. அந்தப் பேச்சை கடைக்குப் போறதுக்கு முன்னாடியே வீட்டுல பேசி முடிச்சிடுங்க.

கடைசியா, கல்லே வேண்டாம்னு ஒரு மாற்றும் இருக்கு. அதே பணத்துல கனமான 22 கேரட் தங்க மோதிரம். எங்க ஆயாவோட ஓட்டு இதுக்குத்தான்: "கல்லு கண்ணுக்கு, தங்கம் கஷ்டத்துக்கு."

செஞ்ச கல் நமக்குப் புதுசா?

"மனுஷன் செஞ்ச கல்லை எப்படி நிச்சயத்துக்குப் போடறது"ன்னு கேட்கறவங்க, பாகூர்ல இருந்து புதுச்சேரிக்குப் போற வழியில அரியாங்குப்பத்துல இறங்கட்டும். பக்கத்துலதான் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு பண்ணினார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோமானியர்களோட வியாபாரம் நடந்த ஊர் அது. சூதுபவளம், படிகம் மாதிரியான கல்லுலயும் மணி செஞ்சாங்க, உருக்கின கண்ணாடியிலயும் மணி செஞ்சாங்க. கண்ணாடி மணியும் கப்பல் ஏறிப் போச்சு. அதைச் செய்ய சூளை வேணும், கைப்பக்குவம் வேணும். புதுச்சேரி அருங்காட்சியகத்துல அந்த மணிகளை இன்னிக்கும் பார்க்கலாம்.

திருச்சியையும் சொல்லணும். வெர்னூய்ல்ங்கற பிரெஞ்சு வேதியியலாளர் 1902-ல் வெளியிட்ட முறையில, தீச்சுடர்ல தூளை உருக்கி மாணிக்கம் வளர்க்கலாம். அப்படி வளர்த்த கல்லை வாங்கி, பட்டை தீட்டி, உலகத்துக்கு அனுப்பின குடும்பங்கள் திருச்சி, புதுக்கோட்டை பக்கத்துல ஆயிரக்கணக்குல இருந்தாங்க. வெளிநாட்டுல மெஷின்ல வெட்டின மலிவுக் கல் வந்ததும் அந்தத் தொழில் சுருங்கிப்போச்சு. நம்ம பாட்டிங்க தோடுல மின்னின "திருச்சிக் கல்" அந்தக் கைகள் வெட்டினது. அதை யாரும் மறைக்கல, பேரைச் சொல்லியே வித்தாங்க, பேரைச் சொல்லியே போட்டுக்கிட்டாங்க.

பேரைச் சொல்லுங்க

இப்போ ஆன்லைன்ல மாய்சனைட் விக்கறவங்க ஒரு வரியை பெருமையா போடறாங்க: வைர டெஸ்டர்ல பாஸ் ஆகும். இது எப்படின்னு நமக்குத் தெரியும். அந்தப் பேனா அளக்கறது வெப்பக் கடத்துத்திறனை. வைரம் செம்பைவிட சுமார் அஞ்சு மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். சிலிக்கான் கார்பைடும் நல்லாவே கடத்தும். அதனால சாதாரணப் பேனா ரெண்டுக்கும் ஒரே மாதிரி பீப் அடிக்கும். மின்கடத்தலையும் சேர்த்து அளக்கற கருவிதான் பெரும்பாலும் பிரிச்சுச் சொல்லும்.

என் கேள்வி வேற. டெஸ்டர்ல பாஸ் ஆகணும்னு ஏன் ஆசைப்படறோம்? யார் அந்தப் பேனாவை எடுத்துக்கிட்டு நம்ம விரலைத் துரத்தப் போறாங்க? அந்த வரி விக்கறது கல்லை இல்ல, "யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க"ங்கற தைரியத்தை. ஒரு கல்யாணத்தோட முதல் நகையே ஒரு பொய்யில ஆரம்பிச்சா, பின்னாடி ஒரு நாள் பட்டறையில சைஸ் மாத்தக் கொடுக்கும்போது அது வெளிய வரும். அப்போ உடையறது கல் இல்ல.

என் பெரியம்மா பொண்ணுக்குப் போன தை மாசம் நிச்சயம். மாப்பிள்ளையும் அவளும் சேர்ந்தே மாய்சனைட் எடுத்தாங்க. மாமா ஒருத்தர், "சபையில கேட்டா வைரம்னே சொல்லிடலாம்மா"ன்னார். அவ, "வேண்டாம் மாமா, கேட்டா மாய்சனைட்னு சொல்றேன். மிச்சப் பணத்துல ரெண்டு பேருக்கும் தங்கமா எடுத்துட்டோம்னும் சொல்றேன்"னா. சபையில கேட்டாங்க. சொன்னா. ஒரு அத்தை முகத்தைச் சுளிச்சாங்க. இன்னொரு அத்தை, "எந்தக் கடையில?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க.

எல்லாப் பிரச்சினையும் இதோட தீர்ந்துடும்னு சொல்ல மாட்டேன். விலை இறங்கினா சைஸ் ஏறும். "இப்பதான் சீப்பா கிடைக்குதே, ரெண்டு கேரட்டா போடுங்க"ன்னு கேட்கற சம்பந்திகளும் வருவாங்க. பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு வாங்கற கல், எந்த ஆய்வகத்துல வளர்ந்தாலும் வரதட்சணைதான்; 1961-லயே அதுக்குத் தடைச் சட்டம் வந்தாச்சு. அதனால கல்லை முடிவு பண்றதுக்கு முன்னாடி தொகையை முடிவு பண்ணுங்க. ரெண்டு பேர் கையில இருக்கற சேமிப்பு எவ்வளவோ அதுக்குள்ள. இ.எம்.ஐ. வேண்டாம்.

கையில பணம் இருக்கு, சுரங்க வைரம்தான் மனசுக்குப் பிடிச்சிருக்குன்னா வாங்குங்க. அது உங்க சந்தோஷம். என் சண்டை கடனோடவும் பொய்யோடவும்தான்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

கல்லை கேரட்ல கேட்காம மில்லிமீட்டர்ல கேளுங்க. 1 கேரட் வட்ட வைரம் சுமார் 6.5 மி.மீ. இருக்கும். அதே அளவு மாய்சனைட் எடை குறைவாவும், அமெரிக்கன் டைமண்ட் எடை அதிகமாவும் வரும். கண்ணுக்குத் தெரியறது அளவுதான்.

பில்லுல கல்லோட முழுப்பேரை எழுதச் சொல்லுங்க: "ஆய்வக வைரம்", "மாய்சனைட்"னு. தங்க எடை தனியா, கல் எடை தனியா, கூலி தனியா இருக்கணும். தங்கத்துல ஹால்மார்க்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளமும் இருக்கான்னு பாருங்க. 2023 ஏப்ரல்ல இருந்து அது கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் ஆப்ல அதைப் போட்டுப் பார்த்துடலாம்.

வயல்லயோ ஒர்க்‌ஷாப்லயோ வேலை பார்க்கற கைன்னா, கம்பி நகம் மாதிரி தூக்கிப் பிடிக்கற டிசைன் வேண்டாம். துணியில மாட்டும், கல் விழும். கல்லைச் சுத்தி தங்க விளிம்பு வச்ச டிசைன் கேளுங்க. லேத் முன்னாடி நிக்கும்போது எந்த மோதிரமா இருந்தாலும் கழட்டி வைங்க, முதல் வருஷ ஒர்க்‌ஷாப் சார் சொன்னதுதான்.

அப்புறம், ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. அந்த மோதிரத்துக்கு எவ்வளவு செலவு பண்ணலாம், வீட்டுல என்ன சொல்லலாம், யார் கேட்டா யார் பதில் சொல்றதுன்னு பேச வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் வரப்போற நூறு பணப் பேச்சுக்கு இது முதல் பேச்சு. அதைக் கடை வாசல்லயே நேர்மையா பேசிப் பழகிட்டா நல்லது.